மண் ஊருக்கு, வீடு உங்களுக்கு



ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் வசதி உண்டு, தண்ணீர்ப் பிரச்னை கிடையாது. விலையும் அந்தத் தெருவில் மற்ற வீடுகள் போகிற விலையைவிட நன்றாகவே குறைவு. இரண்டு நிபந்தனைகள் மட்டும். கட்டடம் உங்கள் பெயரில் இருக்கும், அது நிற்கிற மண் உங்கள் பெயருக்கு வராது. பிறகு ஒரு நாள் விற்பதானால், ஏறிய விலையில் கால் பங்குதான் உங்கள் கைக்கு வரும்.

வாங்குவீர்களா?

நம் வீடுகளில் இதற்கு என்ன பதில் வரும் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். "மண்ணு நம்ம பேர்ல இல்லாம அது என்ன சொந்த வீடு?" என்று மாமனார் ஆரம்பிப்பார். "பொண்ணு கல்யாணத்துக்கு அவசரமா விக்கணும்னா என்ன பண்றது?" என்று மாமியார் கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று மூன்று தலைமுறையாகப் பாடம் படித்தவர்கள் நாம்.

ஆனால் இந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு வாங்கிய ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் மாநிலத்தில், சாம்ப்ளைன் ஏரிக்கரையில் உள்ள பர்லிங்டன். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 44,743. நம் கணக்குக்கு இது சின்ன நகராட்சி. அந்த மாநிலத்துக்கோ இதுதான் பெரிய நகரம்!

டெல்லியில் என்ன திட்டம் போட்டார்கள், சென்னையில் என்ன அறிவித்தார்கள் என்றே வீட்டுப் பிரச்னையைப் பேசிப் பழகிவிட்டோம். ஒரு சின்ன ஊர் தன் கையிலிருக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? அதற்குத்தான் பர்லிங்டனை இந்த இதழில் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரின் கஷ்டம் நமக்குப் புதிதல்ல. ஊருக்குள்ளேயே பெரிய பல்கலைக்கழகம், 1791லிருந்து இருக்கிறது. அதனோடு பெரிய மருத்துவமனை. பக்கத்து ஊரில் ஐபிஎம் தொழிற்சாலை வந்தது. இதற்குமேல் ஏரிக்கரை அழகு, சுற்றுலா, விடுமுறை வீடு வாங்க வரும் பெருநகரத்துப் பணம். வேலை வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் வேலைக்கு வந்தவர் எங்கே தங்குவார்?

காலேஜ் பக்கத்தில் வீடு வாடகைக்கு விடுகிற எந்த ஹவுஸ் ஓனரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு விட்டால் ஒரு வாடகை. நான்கு மாணவர்களுக்கு விட்டால் தலைக்கு இவ்வளவு என்று நான்கு வாடகை. பர்லிங்டனிலும் அதே கதை. மருத்துவமனையில் படுக்கை விரிப்பவரும், பள்ளி பஸ் ஓட்டுபவரும், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவரும் மாணவர்களின் அப்பாக்களோடு போட்டி போட்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் உறைபனிக் குளிர் உள்ள ஊர். பழைய மரவீட்டில் வாடகை குறைவென்று குடியேறினால், மிச்சம் பிடித்த பணம் எல்லாம் வீட்டைச் சூடாக வைக்கும் செலவில் போய்விடும்.

1981ல் அந்த ஊர் மேயர் தேர்தலில், ஐந்து முறை மேயராக இருந்தவரை ஒருவர் வெறும் 10 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பெர்னி சாண்டர்ஸ். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்றாரே, அவரேதான். "பர்லிங்டன் விற்பனைக்கு இல்லை" என்பதுதான் அவருடைய கோஷம்.

கோஷம் போடுவது எளிது. அதே ஆண்டு, வாடகைத் தகராறுகளைக் கவனிக்க ஒரு கமிஷன் அமைக்கலாமா என்று ஓட்டுக்கு விட்டபோது, மக்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். வாடகைக் கட்டுப்பாடு பின்வாசல் வழியாக வருகிறது என்ற பயம். இந்தத் தோல்வி நல்லதாகப் போயிற்று என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. நேரே மோதினால் முடியாது என்று தெரிந்ததும் நகராட்சி வேறு வழி யோசித்தது. 1983ல் சமூக, பொருளாதார வளர்ச்சிக்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். வீடுகளைக் கவனிக்க அதற்குள் தனியாக ஆள் போட்டார்கள். 1984ல் நகராட்சி 2 லட்சம் டாலரை எடுத்து வைத்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. பெயர், பர்லிங்டன் சமூக நில அறக்கட்டளை.

இந்த அறக்கட்டளை செய்தது என்ன? கணக்கை எளிதாக்கிச் சொல்கிறேன், எண்கள் என்னுடையவை.

ஒரு வீட்டின் விலை 1 லட்சம் டாலர். ஒரு குடும்பத்தால் 75,000 வரைதான் லோன் வாங்கிக் கட்ட முடியும். மீதி 25,000ஐ அரசு உதவிப் பணத்திலிருந்து அறக்கட்டளை போடுகிறது. அதற்கு ஈடாக மண்ணைத் தன் பெயரில் வைத்துக்கொள்கிறது. குடும்பம் கட்டடத்தை வாங்கிக்கொண்டு மண்ணுக்குச் சிறு குத்தகை கட்டுகிறது. ஒழுங்காகக் கட்டிவரும்வரை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பத்து வருடம் கழித்து அந்த வீட்டின் மதிப்பு 1,60,000 ஆகிறது. குடும்பம் வேறு ஊருக்குப் போக வேண்டும். விலை ஏறியிருப்பது 60,000. அதில் கால் பங்கு, 15,000, குடும்பத்துக்கு. ஆக, வீட்டை 90,000க்கு விற்கலாம். கட்டி முடித்த அசல் கையில் திரும்பி வரும், மேலே 15,000 வரும். அடுத்து வருகிற குடும்பம் 1,60,000 பெறுமானமுள்ள வீட்டை 90,000க்கு வாங்கும்.

முதல் குடும்பத்துக்கு அந்த 25,000ஐ இனாமாகக் கொடுத்து, மண்ணையும் அவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏறிய விலை முழுவதும் அவர்களுக்கு. சந்தோஷம். ஆனால் இரண்டாவது குடும்பத்துக்கு அதே வீட்டை 90,000க்குக் கொடுக்க வேண்டுமானால் அரசு இப்போது 70,000 போட வேண்டும். மூன்றாவது குடும்பம் வரும்போது? ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

உதவிப் பணம் முதலில் வந்தவர் பையோடு போய்விடாமல் வீட்டோடு தங்க வேண்டும் என்பதுதான் அந்த ஊர் கண்டுபிடித்த வழி. ஒரு முறை போட்ட பணம் நான்கு குடும்பத்துக்கு உதவும்.

"அப்படியானால் முதல் குடும்பம் ஏமாந்ததா?" என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் குடும்பத்துக்கு எதிரே இருந்த மாற்று வழி முழு வீடு வாங்குவது கிடையாதே! வாடகை வீடுதான். வாடகை வீட்டில் பத்து வருடம் இருந்தால் கையில் மிஞ்சுவது என்ன? ரசீதுகூட இருக்காது பல பேரிடம். இங்கே கட்டிய அசலும் திரும்புகிறது, மேலே ஒரு தொகையும் கிடைக்கிறது, நடுவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாமல் படித்து முடித்திருக்கிறார்கள். வருடா வருடம் வீடு மாறுகிற குடும்பத்துப் பெண்களைக் கேட்டால் கடைசியில் சொன்னதற்கு என்ன விலை என்று சொல்வார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஊரின் பழைய வடக்குப் பகுதியில் பிரெஞ்சுக் கனடாக்காரர்களும் ஐரிஷ்காரர்களும் உழைத்துச் சேர்த்து வாங்கிய சிறு வீடுகள் நிறைய. அங்கே குடியிருந்தவர்களே "நில அறக்கட்டளைக்கு எதிரான வீட்டுச் சொந்தக்காரர்கள்" என்று சங்கம் அமைத்துச் சண்டைக்கு வந்தார்கள். நம் வீட்டு மதிப்பு விழுந்துவிடும், நம் மண்ணை நகராட்சி பிடுங்கிக்கொள்ளும், இது கம்யூனிசம் என்று பேச்சு. சாமானியர்களுக்கான திட்டத்தைச் சாமானியர்களே எதிர்த்தார்கள்.

அவர்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே வீட்டில் இருக்கிறவர், அதன் மதிப்பு பற்றிப் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்? இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு அறக்கட்டளையின் அமைப்பிலேயே ஒரு பதில் இருந்தது. நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு. இன்னொரு பங்கு சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு. மிச்சம் பொது நலன் பார்ப்பவர்களுக்கு. குத்தகை ஏற்றுவதானால் குடியிருப்பவர் கண் எதிரே வைத்துத்தான் பேச வேண்டும்.

சரி, இந்த யோசனை பர்லிங்டனுக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

அமெரிக்காவில் இதன் தாய்வீடு தெற்கே ஜார்ஜியா மாநிலம். 1969ல் கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டக்காரர்கள், ஆல்பனி நகரத்துப் பக்கத்தில் ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலம் வாங்கி "நியூ கம்யூனிட்டீஸ்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஓட்டுப் போடப் பெயர் பதிந்ததற்காகவே பண்ணையாரால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அடுத்தவன் மண்ணில் குடியிருக்கும்வரை உரிமை நிற்காது என்று புரிந்திருந்தது. சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் பாப் ஸ்வான் என்ற காந்தியவாதி. அவருக்கு வழிகாட்டியாக இருந்த ரால்ஃப் போர்சோடி இந்தியாவில் சில காலம் தங்கியவர். இவர்கள் எல்லாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, நம் வினோபா பாவேயின் கிராமதானம்!

1951 ஏப்ரல் 18. தெலங்கானாவில் போச்சம்பள்ளி கிராமம். நிலமில்லாத தலித் குடும்பங்கள் வினோபாவிடம் 80 ஏக்கர் கேட்க, அதே கூட்டத்தில் ஒருவர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூதானம் அப்படித்தான் பிறந்தது. ஆனால் தானமாக வந்த நிலம் சீக்கிரமே கைமாறிப் போகக்கூடும், கடனுக்குப் போய்விடும் என்று புரிந்தபோது, தனித்தனி ஆளுக்குக் கொடுப்பதைவிட கிராமத்தின் பெயரிலேயே வைத்து உழுகிற உரிமையைக் குடும்பங்களுக்குத் தரலாம் என்ற கிராமதானம் வந்தது. மண் ஊருக்கு, உழைப்பின் பலன் குடும்பத்துக்கு.

வினோபா 1956-57ல் தமிழ்நாடு முழுக்க நடந்தார். 1958ல் இங்கே பூதானத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்கள்தான். 1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, கீழத்தஞ்சைப் பகுதியில் நிலமில்லாத குடும்பத்துப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது, பிறகு வீடு கட்டவும் இறங்கியது. 2008ல் இந்தத் தம்பதிக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே 2008ல் பர்லிங்டன் அறக்கட்டளைக்கு உலக வாழ்விட விருது கிடைத்தது. ஒரே மரத்தின் இரண்டு கிளைகளுக்கு ஒரே ஆண்டில் பாராட்டு. ஒன்றையொன்று அறிந்திருந்தனவோ என்னவோ!

பூதான நிலங்கள் பிற்பாடு என்னவாயின என்பது வேறு கதை, சோகமான கதை. ஜார்ஜியாவின் கதையும் முதலில் அப்படித்தான் போயிற்று. வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அரசுக் கடன் நியூ கம்யூனிட்டீஸுக்கு மறுக்கப்பட்டது. 1985ல் நிலம் கைவிட்டுப் போனது. இனப்பாகுபாட்டுக்கான இழப்பீடாக 1.2 கோடி டாலர் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது 2009ல்தான். விதை போட்ட இடத்தில் செடி பட்டுப்போக, வடக்கே பனி பெய்கிற ஊரில் அது வேர் பிடித்துக்கொண்டது.

பர்லிங்டன் நகராட்சி அறக்கட்டளையோடு நின்றுவிடவில்லை. அறக்கட்டளை மட்டும் இருந்து நிரந்தர வருமானம் இல்லையென்றால் அது திறப்பு விழாவோடு முடிந்திருக்கும். அதனால் வீட்டு நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பணம்? சொத்து வரியில் 100 டாலர் மதிப்புக்கு 1 சென்ட் கூடுதல். இதை மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, மக்களே சரி என்றார்கள். முன்பு கமிஷனைத் தூக்கிப் போட்ட அதே மக்கள்! வரி கட்டுகிறவருக்குக் காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் ஒரு சென்ட் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது. நம் நகராட்சிகள் சொத்து வரியை ஏற்றும்போது இப்படிக் காரணம் சொல்லி ஏற்றிப் பார்த்தால் என்ன என்று யோசிக்கிறேன்.

1990ல் இன்னொரு விதி. ஐந்து வீடுகளோ அதற்கு மேலோ கட்டுகிற பில்டர், குறைந்தது 15 சதவீத வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும். விலை உயர்ந்த இடமானால் 25 சதவீதம் வரை. எத்தனை காலத்துக்கு? 99 ஆண்டுக்கு. இங்கேயும் அதே புத்திசாலித்தனம்தான்: சலுகையை முதல் ஆள் விற்றுக் காசாக்கிக்கொண்டு போக முடியாது. குடியிருப்பை இடித்து ஆபீஸ் கட்டுகிறவர், இடித்த வீட்டுக்குப் பதில் வீடு தர வேண்டும் என்றும் ஒரு விதி போட்டார்கள்.

நார்த்கேட் என்ற குடியிருப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 336 வீடுகள், அனைத்தும் வாடகைக்கு. மத்திய அரசின் குறைந்த வட்டிக் கடனில் கட்டியவை. கடன் ஒப்பந்தத்தில் ஒரு சங்கதி இருந்தது: இருபது ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் வாடகைக் கட்டுப்பாடு தீர்ந்துவிடும். அப்புறம் இஷ்டத்துக்கு வாடகை ஏற்றலாம், தனித்தனியாக விற்கலாம். 1980களின் கடைசியில் அந்த நாள் நெருங்கியது. அத்தனை குடும்பங்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தால் 40,000 பேர் ஊர் தாங்குமா?

காலி செய்யச் சொல்வதற்கு முன்பு நீண்ட கால நோட்டீஸ் தர வேண்டும், இடம் மாறும் செலவைக் கொடுக்க வேண்டும், வாங்குகிற முதல் வாய்ப்பைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும் என்று நகராட்சி சட்டம் போட்டு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த நேரத்தில் குடியிருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். நகரம், மாநிலம், மத்திய அரசு, லாப நோக்கில்லாத அமைப்புகள் எல்லாருடைய பணத்தையும் ஒன்றுசேர்த்து அந்தக் குடியிருப்பையே வாங்கிக் காப்பாற்றினார்கள். ரிப்பன் வெட்ட அங்கே ஒரு புதுக் கட்டடமும் கிடையாது. இருந்த வீட்டில் இருந்தவர்கள் இருந்தபடி இருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டுத் திட்டம் என்றாலே அடிக்கல் நாட்டு விழா என்று நினைக்கிற நமக்கு இது கண்ணில் படாத சாதனை. என்னைக் கேட்டால், பர்லிங்டன் செய்தவற்றில் இதுதான் பெரியது.

மாநில அளவில் நடந்தது இன்னும் வேடிக்கை. வீடு கட்டினால் விவசாய நிலம் போய்விடும் என்று ஒரு கூட்டம், வீடில்லாவிட்டால் உழைப்பவர் எங்கே போவார் என்று இன்னொரு கூட்டம், எந்த ஊரிலும் எதிர் எதிராகத்தானே நிற்பார்கள்? வெர்மான்டில் 1987ல் இரு தரப்பையும் ஒரே நிதிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். விளைநிலத்தையும் காடுகளையும் காப்பதற்கும், ஏழைகளுக்கு வீடு ஏற்படுத்தவும் ஒரே வாரியம். ஊருக்குள் நெருக்கமாக வீடு வந்தால் ஊருக்கு வெளியே வயல் பிழைக்கும் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

2006ல் பர்லிங்டன் அறக்கட்டளை, வாடகை வீடுகள் நடத்திவந்த பக்கத்து அமைப்போடு இணைந்து சாம்ப்ளைன் வீட்டு அறக்கட்டளை ஆனது. இன்று வாடகை வீடுகளும் சொந்த வீடுகளுமாக 3,000க்கும் மேல் அதன் கவனிப்பில் இருக்கின்றன. பழைய மோட்டல்களை வாங்கி வீடில்லாதவர்களுக்கான இடமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்கு ஊர்ப் பெரிய மருத்துவமனையே பணம் போட்டது! தர்மத்துக்காக மட்டும் இருக்காது. தெருவில் படுத்துக் குளிரில் நோய் வந்து எமர்ஜென்சி வார்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, ஓர் அறை கொடுப்பது மலிவு என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். கணக்குப் பார்த்துச் செய்த நல்லது நீடித்து நிற்கும்.

2008ல் அமெரிக்காவில் வீட்டுச் சந்தை இடிந்து விழுந்தது நினைவிருக்கும். கடன் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை வங்கியிடம் பறிகொடுத்தார்கள். இப்படிப்பட்ட நில அறக்கட்டளை வீடுகள் நாடு முழுவதும் எப்படித் தாங்கின என்று ஆராய்ந்தார்கள். 2010 கடைசியில் சாதாரண வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. அறக்கட்டளை வீடுகளில் 0.46 சதவீதம். பத்தில் ஒரு பங்கு. தகுதிக்கு மீறிய கடனை அறக்கட்டளை வாங்க விடுவதில்லை, தவணை தவறினால் வங்கிக்கு முன்பே போய் உதவிக்கு நிற்கிறது. கல்யாணமான பெண்ணை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிறந்த வீடு மாதிரி.

அப்படியானால் பர்லிங்டனில் வீட்டுப் பிரச்னை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. உங்களிடம் அதை மறைத்து இந்தப் பக்கத்தை எழுதினால் அது விளம்பரமாகிவிடும். வாடகை அங்கே இன்றும் அதிகம். வீடு காலியாகக் கிடைப்பது அரிது. வீடில்லாமல் தெருவில் தங்குவோர் எண்ணிக்கை சமீப ஆண்டுகளில் கூடித்தான் இருக்கிறது. 2023ல் நகராட்சி தன் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் 30 சின்னச் சின்ன அறைகள் வைத்துத் தற்காலிகத் தங்குமிடம் திறக்க வேண்டி வந்தது. நாற்பது ஆண்டு நல்ல நிர்வாகத்துக்குப் பிறகும்!

காரணம் எளியது. இருக்கிற வீட்டை நியாயமாகப் பங்கு வைக்கக் கற்றுக்கொண்ட ஊர், புது வீடு போதுமான அளவு கட்டவில்லை. ஒரு மனைக்கு இத்தனை வீடுதான், உயரம் இவ்வளவுதான், அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் நிறுத்து என்று பழைய கட்டட விதிகள் கையைக் கட்டிப் போட்டிருந்தன. 2024ல்தான் நகரசபை அதை மாற்றி, குடியிருப்புத் தெருக்களிலும் நான்கு வீடுகள் கொண்ட கட்டடம் கட்டலாம் என்று வழிவிட்டது. விலையைக் கட்டிப்போடுகிறவர்களும் கட்டட விதியைத் தளர்த்தச் சொல்கிறவர்களும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று திட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. எனக்கு இரண்டு பேரும் தேவை என்றுதான் படுகிறது. வீடே இல்லாத ஊரில் நியாய விலை நிர்ணயித்து என்ன பயன்? வீடு கட்டிக்கொண்டே போய் எல்லாம் பணக்காரர் கைக்கே போனால் அதில்தான் என்ன பயன்?

நம் பக்கம் வருகிறேன்.

மண் ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு என்பதை முதலில் படித்தபோது அந்நியமாகத் தோன்றியிருக்கும். ஸ்ரீரங்கத்திலோ மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ குடியிருக்கிற வாசகர்களுக்குத் தோன்றியிருக்காது. "அட, நம்ம அடிமனை!" என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். மனை கோயிலுடையது, மேலே கட்டிய வீடு குடியிருப்பவருடையது, மனைக்கு வாடகை கோயிலுக்கு. தலைமுறைகளாக நடக்கிற ஏற்பாடு. அதனால் கிடைக்கிற நிம்மதியும் அவர்களுக்குத் தெரியும், தலைவலியும் தெரியும். வாடகையைத் திடீரென்று ஏற்றிவிட்டார்கள், பத்திரம் பதிய முடியவில்லை, வங்கி லோன் கிடைக்கவில்லை என்று எத்தனை போராட்டம் பார்த்திருக்கிறோம்.

பர்லிங்டன் ஏற்பாட்டுக்கும் நம் அடிமனைக்கும் நடுவே என்னதான் வித்தியாசம்? மண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஒரு பொது அமைப்புதான். விற்றால் எவ்வளவு கிடைக்கும், குத்தகை எப்படி ஏறும், பிள்ளைகளுக்கு எப்படிப் போகும் என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் இருக்கிறதா, அந்தக் கணக்கைப் போடுகிற மேஜையில் குடியிருப்பவருக்கு நாற்காலி உண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, எல்லாரும் மண்ணை விட்டுக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் பணத்தில் நீங்கள் வாங்கிய மனை உங்களுடையது, அதன் விலை ஏறினால் உங்களுக்குத்தான். நான் பேசுவது ஊர்ப் பணத்தில், ஊர் நிலத்தில் எழும்புகிற வீடுகளைப் பற்றி மட்டும். ஒரு நகராட்சி தன் கையில் இருக்கும் இடத்தை ஏலத்தில் விட்டால் அந்த வருடத்துப் பட்ஜெட்டுக்குப் பணம் வரும். அதே இடத்தை வைத்துக்கொண்டு மேலே வீடு மட்டும் விற்றால், நகரத்தைத் துப்புரவாக வைத்திருக்கிற பெண்ணும், நம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற தனியார் பள்ளி டீச்சரும் ஊருக்குள்ளேயே குடியிருக்க முடியும். அவர்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு வருகிறவர்களும்தான். இவர்கள் எல்லாரும் இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரத்துக்குத் தள்ளப்பட்ட பிறகு, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நாம்தான் அலுத்துக்கொள்கிறோம்.

நகராட்சிப் பகுதிகளில் இப்போது ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. தெருவிளக்கும் சாக்கடையும் கட்டாயம் பேச வேண்டியவைதான். கூடவே ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: நம் வார்டில் நகராட்சிக்குச் சொந்தமான காலி இடம் எவ்வளவு இருக்கிறது, அதை என்ன செய்யப் போகிறீர்கள்? பட்டியல் வாங்குவதற்கே சில கூட்டம் ஆகலாம்.

அடிமனையில் குடியிருக்கிற, அல்லது குடியிருந்த வாசகர்கள் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். வாடகை எப்படி ஏறியது, வங்கியில் என்ன சொன்னார்கள், விற்க முயன்றபோது என்ன ஆயிற்று, அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற எத்தனை நாள் அலைந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். நல்லதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரசீது நகல் இருந்தால் இணையுங்கள், பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். அடுத்து வரும் ஓர் இதழில் இதற்கென்றே பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்